ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வயிறு மட்டும் சரியில்லை: அடுத்து என்ன கேட்க வேண்டும்?

மல்லிகைப்பந்தல்:

தங்கைக்காகக் கேட்கிறேன். வயது 31. ஏழு மாதமாக வயிற்றுத் தொந்தரவு. காலையில் எழுந்ததிலிருந்து ஒன்பது மணிக்குள் மூன்று நான்கு தடவை போக வேண்டியிருக்கிறது. முதல் தடவை ஓரளவு கெட்டி, பிறகு தண்ணீர் மாதிரி. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிறு மத்தளம் போல உப்பிக்கொள்கிறது. போய்விட்டு வந்தால் வலி குறைகிறது. ரத்தம் போகவில்லை. எடை 58 கிலோவிலிருந்து 54க்கு வந்துவிட்டது.

இதுவரை எடுத்தவை: வயிறு ஸ்கேன் நார்மல். எண்டோஸ்கோபியில் "லேசான ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ், ஹெச். பைலோரி நெகட்டிவ்" (இரைப்பையின் கீழ்ப்பகுதியில் லேசான அழற்சி, இரைப்பையில் தங்கும் ஹெச். பைலோரி கிருமி இல்லை). ஹீமோகுளோபின் 10.6. தைராய்டு நார்மல். மலப் பரிசோதனை ஒரு முறை, ஒன்றுமில்லை. நான்கு மாதமாகக் காலை வெறும் வயிற்றில் ரபெப்ரசோல் - லெவோசல்பிரைடு கேப்சூல் சாப்பிடுகிறாள். எண்டோஸ்கோபி எடுத்தபோதும் அதை நிறுத்தவில்லை. யாரோ சொன்னார்கள் என்று இரண்டு மாதமாகக் கோதுமையை ஒதுக்கிவிட்டோம்.

"ஐபிஎஸ்தான், டென்ஷனைக் குறைச்சுக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஐபிஎஸ் என்றால் பரிசோதனையில் குறை தெரியாமலே வயிற்று வலியும் மலப்போக்கு மாற்றமும் தொடரும் குடல் கோளாறாம். இப்போது வயிற்றைவிடப் பதற்றம்தான் பெரிதாக இருக்கிறது. பஸ் ஏறப்போகிறோம் என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது, கை நடுங்குகிறது, ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து போனில் "குடல் கேன்சர்" என்று தேடுகிறாள். வயிற்றால் பதற்றமா, பதற்றத்தால் வயிறா? இன்னும் எந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும்?

ஆய்வக_மேசை:

சகோதரி, ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்று தலைப்பில் போட்டிருக்கிறீர்கள். நார்மல் இல்லை. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனாலே பெண்களுக்கு ரத்தசோகைதான். மாதவிடாயால் நம் பெண்கள் பலருக்கும் இது இருப்பதால் யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் வயிற்றுத் தொந்தரவும் ரத்தசோகையும் சேர்ந்து வரும்போது பார்த்தே ஆக வேண்டும். எடையும் அப்படித்தான். 58இல் 4 கிலோ என்பது ஏறக்குறைய 7 சதவீதம். முயற்சி செய்யாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணம் தேட வேண்டும் என்பது பொது விதி. அவள் பயந்து சாப்பாட்டைக் குறைத்ததால்கூட எடை இறங்கியிருக்கலாம். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், ஆனால் அதையே முடிவான காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஐபிஎஸ் என்று சொல்ல, நிபுணர்கள் வகுத்து 2016இல் வந்த ரோம் 4 அளவுகோல் இருக்கிறது. கடைசி மூன்று மாதத்தில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்பாக, போகும் எண்ணிக்கை மாறுவதாக, மலத்தின் தன்மை மாறுவதாக, இந்த மூன்றில் இரண்டாவது சேர்ந்திருக்க வேண்டும். தொந்தரவு தொடங்கி ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். உங்கள் தங்கைக்கு இவை பொருந்துகின்றன. ஆனால் ரத்தசோகை, எடை குறைவு போன்ற அபாயக் குறிகள் இருந்தால், அவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகுதான் ஐபிஎஸ் என்ற பெயரை ஒட்டலாம். இங்கே அந்தப் பதில் இன்னும் வரவில்லை.

எடுத்த பரிசோதனைகளிலும் மூன்று ஓட்டை தெரிகிறது.

முதலாவது, ஹெச். பைலோரி. எண்டோஸ்கோபியின்போது திசு எடுத்துப் பார்க்கும் யூரியேஸ் பரிசோதனைக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையை (ரபெப்ரசோல் அந்த இனம்தான்) இரண்டு வாரமும், ஆன்டிபயாட்டிக்கை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் நெகட்டிவ் வரலாம். மறுபடி குழாய் விட வேண்டியதில்லை. டாக்டர் சொல்லி மாத்திரையை நிறுத்திய பிறகு மூச்சுப் பரிசோதனையோ மல ஆன்டிஜென் பரிசோதனையோ போதும். ரத்தத்தில் பார்க்கும் ஆன்டிபாடி டெஸ்ட் வேண்டாம். எப்போதோ வந்துபோன கிருமிக்கும் அது பாசிட்டிவ் காட்டும்.

இரண்டாவது, மலப் பரிசோதனை. ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள் தினமும் மலத்தில் வெளியேறுவதில்லை. வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி கொடுக்க வேண்டும். காலையில் எடுத்ததை மதியம்வரை பையில் வைத்திருந்து கொடுத்தால் பயனில்லை.

மூன்றாவது, கோதுமை. கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் பழுதாவது சீலியாக் நோய். அதற்கான டிடிஜி-ஐஜிஏ ரத்தப் பரிசோதனை, கோதுமையைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குத்தான் சரியாக வரும். நிறுத்திவிட்டு எடுத்தால் பொய்யான நெகட்டிவ் வரலாம். கூடவே மொத்த ஐஜிஏ (இது ஒரு வகை ஆன்டிபாடி) அளவும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ குறைவு, அவர்களுக்குச் சீலியாக் இருந்தாலும் முதல் டெஸ்ட் நெகட்டிவாக வரலாம்.

இத்துடன் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), பி12 வைட்டமின், சிஆர்பி (ரத்தத்தில் அழற்சியைக் காட்டுவது), மலத்தில் கால்ப்ரோடெக்டின். கடைசியில் சொன்னது குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். 50க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் நிம்மதி. வலி மாத்திரை சாப்பிட்ட வாரத்தில் எடுத்தால் வீணாக ஏறிக் காட்டும்.

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாயங்காலக் காய்ச்சல், இரவில் துணி நனையும் வியர்வை உண்டா? நம் ஊரில் குடல் காசநோயை மறக்கக் கூடாது. அது சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில்தான் அதிகம் உட்காரும். குடலில் நீண்டகால அழற்சி உண்டாக்கும் க்ரோன்ஸ் நோய் என்று தோன்றும் அளவுக்கு ஒத்திருக்கும்.

மருந்துச்சீட்டு:

மேலே சொன்னதெல்லாம் சரி. எனக்கு அந்தக் கேப்சூல்தான் கண்ணில் படுகிறது.

ரபெப்ரசோல் அமிலத்தைக் குறைக்கும், அதில் பெரிய சிக்கல் இல்லை. கூட இருக்கும் லெவோசல்பிரைடு வேறு வகை. இரைப்பை சீக்கிரம் காலியாக உதவும், ஆனால் மூளையில் டோபமைனையும் தடுக்கும். அதனால் சிலருக்குக் கை நடுக்கம், உடம்பு இறுக்கம், உட்கார்ந்தால் எழுந்து நடக்கத் தோன்றும் தவிப்பு வரும். பார்ப்பவர்களுக்கு அது பதற்றம் மாதிரியேதான் தெரியும். "ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, கை நடுங்குகிறது" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் இதுதான் தோன்றியது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனையும் ஏற்றும். மாதவிடாய் தள்ளிப்போகும், சிலருக்கு மார்பில் பால் கசியும். இது சில வாரத்துக்கு எழுதப்படும் மருந்து. சீட்டைப் புதுப்பிக்காமல் கடையில் கேட்டுக் கேட்டு வாங்குவதால் மாதக்கணக்கில் ஓடிவிடுகிறது.

தேதி போட்டுப் பாருங்கள்: கேப்சூல் தொடங்கியது எப்போது, நடுக்கம் தொடங்கியது எப்போது?

நீங்களாக எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். அமில மாத்திரையைச் சட்டென்று விட்டால் இரண்டு மூன்று வாரம் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து நெஞ்செரிச்சல் வரும், நோய் முற்றிவிட்டது என்று பயந்துவிடுவாள். "லெவோசல்பிரைடு இல்லாத மாத்திரையாக மாற்றலாமா, அமில மாத்திரையையும் எப்படிக் குறைப்பது?" என்று டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். இன்னொரு எச்சரிக்கை: க்ளோர்டையாசிபாக்சைடும் க்ளிடினியமும் சேர்ந்த கேப்சூலை வயிற்றுக்கென்று எழுதித் தருவதுண்டு. வலி அடங்கும், ஆனால் பழக்கமாகிவிடும் தூக்க மருந்து இனம் அது. எத்தனை நாளைக்கு என்று கேட்காமல் தொடங்கக் கூடாது.

மல்லிகைப்பந்தல்:

அவளிடம் கேட்டேன். நடுக்கம் கேப்சூல் தொடங்கி மூன்றாவது வாரத்திலிருந்துதான். இரண்டு மாதமாக நாள் தள்ளிப்போகிறது, அதையும் டென்ஷன் என்றே நினைத்திருந்தோம். காய்ச்சல், வியர்வை இல்லை. அப்படியென்றால் எல்லாமே மருந்துதானா? சாப்பாட்டில் என்ன செய்வது?

மருந்துச்சீட்டு:

எல்லாமே இல்லை. பேதியும் உப்புசமும் கேப்சூலுக்கு மூன்று மாதம் முன்பே வந்தவை. பதற்றத்தில் ஒரு பங்கு மருந்தாக இருக்கலாம். புரோலாக்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். தூங்கி எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். திருமணமானவர் என்றால் கர்ப்பப் பரிசோதனையை முதலில் முடித்துவிடுங்கள்.

அஞ்சறைப்பெட்டி:

சாப்பாட்டைப் பற்றி. ஐபிஎஸ் என்றதும் எல்லாரும் ஃபோட்மேப் (குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் புளித்து வாயு உண்டாக்கும் சர்க்கரை வகைகள்) குறைந்த உணவு என்று பட்டியல் கொடுப்பார்கள். மெல்போர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான நல்ல முறை அது. ஆனால் உங்கள் தங்கைக்கு இப்போது வேண்டாம். ஏற்கெனவே 4 கிலோ போயிருக்கிறது. வெங்காயம், பூண்டு, பருப்பு, பால், கோதுமை எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் தட்டில் சோறும் பயமும்தான் மிஞ்சும். முதலில் பரிசோதனைகள் முடியட்டும், எடை நிற்கட்டும்.

கோதுமையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சீலியாக் பரிசோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரம் தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளையில் சாப்பிட வேண்டும். காலையில் கோதுமை ரவை உப்புமா, இரவில் இரண்டு சப்பாத்தி போதும். கேழ்வரகு, கம்பு, அரிசி இந்தக் கணக்கில் வராது. சாப்பிட்டதும் தாங்க முடியாமல் போனால் வீட்டிலேயே நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஒருவேளை சீலியாக் என்று உறுதியானால் அப்போது பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டிவரும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பதுண்டு.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை சில. எழுந்ததும் வெறும் வயிற்றில் காபி குடிக்கிறாளா? எதையாவது உள்ளே போட்டதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது இயற்கை, காலையில் அது வலுவாக இருக்கும், காபி இன்னும் தூண்டும். ஒரு வாரம் காபியைப் பத்து மணிக்குத் தள்ளுங்கள். அடுத்த வாரம் பாலை மட்டும் நிறுத்திப் பாருங்கள், மோரும் தயிரும் இருக்கட்டும். புளிக்கும்போது பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை குறைகிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான்.

பூண்டு உப்புகிறது என்றால் எண்ணெயில் முழுப் பற்களாகப் பொரித்து எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். உப்ப வைக்கும் ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ரசத்தில் தட்டிப்போட்டுப் பிறகு எடுத்தால் பயனில்லை, அது ஏற்கெனவே இறங்கியிருக்கும்.

ஒரு நோட்டுப் போடுங்கள். நேரம், சாப்பிட்டது, மலத்தின் வகை, வலி பத்துக்கு எத்தனை, பதற்றம் பத்துக்கு எத்தனை, தூக்கம், மாதவிடாய் நாள். மல வகைக்குப் பிரிஸ்டல் அட்டவணையின் 1 முதல் 7 வரையான எண்ணை எழுதினால் போதும். 1 ஆட்டுப் புழுக்கை மாதிரி, 4 வழவழப்பான நீளம், 7 வெறும் தண்ணீர். இரண்டு வாரம் போதும். அதற்கு மேல் எழுதினால் நோட்டே பயத்தை வளர்க்கும். எடை வாரம் ஒரு தடவை, அதே தராசில், காலையில்.

நடுநிசி_விளக்கு:

"வயிற்றால் பதற்றமா, பதற்றத்தால் வயிறா" என்ற கேள்விக்கு ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பயம் வரும்போது உடம்பு இரைப்பையை மெதுவாக்கும், பெருங்குடலை வேகமாக்கும். மேலே உப்புசம், கீழே அவசரம். அடிவயிறு கலங்குகிறது என்று நம் பேச்சில் சொல்வது அப்படியே உடம்பில் நடக்கிறது. அதனால் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் பதற்றத்துக்கு இன்றே உதவி தேடுங்கள். மனநல டாக்டரைப் பார்ப்பதால் "வயிறு வெறும் மனசு" என்று ஒப்புக்கொண்டதாக ஆகாது. மருந்து தொடங்கச் சொன்னால் அந்தக் கேப்சூலின் சீட்டையும் காட்டுங்கள்.

ஒரு வேறுபாட்டைக் கவனித்து எழுதச் சொல்லுங்கள்: இரவு இரண்டு மணிக்கு வலியோ பேதியோ அவளைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, அல்லது விழித்து யோசிக்க ஆரம்பித்த பிறகு வயிறு கலங்குகிறதா? முதலாவது என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய அபாயக் குறி.

மூச்சுப் பயிற்சி: மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, ஒரு கை மார்பில், ஒரு கை தொப்புளுக்கு மேல். மூக்கு வழியாக நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். வயிற்றின் மேல் உள்ள கை மட்டும் எழ வேண்டும். காலையும் மாலையும் பத்து நிமிடம். பலருக்கும் இது பலிக்காததற்குக் காரணம், பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் செய்து பார்ப்பதுதான். அமைதியாக இருக்கும்போது பழகியிருந்தால்தான் பஸ் ஸ்டாப்பில் கைகொடுக்கும். வாயைத் திறந்து பெரிதாக இழுத்தால் காற்றை விழுங்கி உப்புசம் கூடும்.

பஸ்ஸுக்காகக் காலைச் சாப்பாட்டையே விடுவது அந்த நாளைக் காப்பாற்றும், பயத்தை வளர்க்கும். விடுமுறை நாளில் இரண்டு ஸ்டாப் தூரம் சாப்பிட்டுவிட்டுப் போய்வரட்டும். நான்கு நாள் அதையே செய்து பதற்றம் பத்துக்கு நான்குக்கு இறங்கியதும் ஐந்து ஸ்டாப். முதல் நாளே முழுத் தூரம் போய்ப் பாதியில் இறங்கினால் பின்னடைவுதான்.

இரவில் போன் வேறு அறையில் இருக்கட்டும். மனதில் வரும் கேள்வியைத் தாளில் எழுதி, மறுநாள் மாலை ஆறரைக்கு இருபது நிமிடம் அதை மட்டும் யோசிக்கலாம். நீங்கள் ஒன்று செய்யுங்கள்: "கேன்சர் இல்லையே?" என்று அவள் பத்து தடவை கேட்டால் பத்து தடவையும் "இல்லை" என்று சொல்லாதீர்கள். அந்த நிம்மதி பத்து நிமிடம்கூட நிற்காது. "நோட்டில் எழுது, டாக்டரிடம் கேட்போம்" என்று சொல்லுங்கள். தாங்க முடியாத இரவுகளில் 14416, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். உயிரை விடலாமா என்ற பேச்சு ஒரு தடவை வந்தாலும் மறுநாள்வரை பொறுக்காதீர்கள், உடனே அழைத்துப் போங்கள்.

ஆய்வக_மேசை:

டாக்டரிடம் பத்து நிமிடம்தான் கிடைக்கும். முதல் வரியிலேயே "எடை 7 சதவீதம் குறைந்திருக்கிறது, ஹீமோகுளோபின் 10.6, இந்த இரண்டுக்கும் காரணம் வேண்டும்" என்று தொடங்குங்கள். டென்ஷன் என்ற சொல்லை நீங்கள் முதலில் எடுக்காதீர்கள். ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, மருந்துகளின் பெயரையும் தொடங்கிய தேதியையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தனியாரில் செலவு தாங்கவில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குடல் இரைப்பைப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) வேண்டும் என்று முடிவானால் இரண்டு விஷயம் கேளுங்கள்: சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை போய்ப் பார்ப்பீர்களா, பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் திசு எடுப்பீர்களா? கண்ணுக்குத் தெரியாமல் நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் அழற்சியும் உண்டு. இரும்பு மாத்திரை தொடங்கியிருந்தால் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அது குடல் சுவரில் கறுப்பாகப் படியும். பேதி மருந்துப் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, டாக்டர் சம்மதித்தால் பாதியை முந்தின மாலையும் மீதியை அன்று விடிகாலையும் குடிப்பது நல்லது. ஒரே மூச்சில் குடித்தால் வாந்தி வரும், குடலும் சுத்தமாகாது. குளிர வைத்து, கால் மணிக்கு ஒரு டம்ளர் என்று போனால் உள்ளே இறங்கும். கடைசியில் போவது தெளிந்த மஞ்சள் தண்ணீராக இருந்தால் தயார். கலங்கலாக இருந்தால் கிளம்பும் முன்பே அங்கே போன் செய்து சொல்லிவிடுங்கள்.