துப்பறியும் கதை வாசகர்களே, ஐரோப்பியப் போர் வரலாற்றில் உங்களைத் தூங்கவிடாத இடம் எது?

இரவுவாசகன்:
டிரைஃபஸ் வழக்கு, அதாவது ஜெர்மனிக்கு உளவு சொன்னதாக 1894இல் தவறாகத் தண்டிக்கப்பட்ட பிரெஞ்சு ராணுவ அதிகாரியின் வழக்கு, எல்லாருக்கும் தெரிந்ததுதான், நேரே விஷயத்துக்கு வருகிறேன். 1898 ஆகஸ்டில் ஓர் இரவு. பிரெஞ்சு ராணுவக் கேப்டன் குய்ன்யே, டிரைஃபஸுக்கு எதிரான முக்கியச் சான்றாகக் காட்டப்பட்ட கடிதத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறார். கோடு போட்ட தாள். மேலும் கீழும் கோடுகள் ஒரு நிறம், நடுவில் வேறு நிறம். இரண்டு கடிதங்களை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்! போன மாதம்தான் போர் அமைச்சர் அதை நாடாளுமன்றத்தில் படித்திருந்தார். ஊர் ஊராகச் சுவரிலும் ஒட்டியிருந்தார்கள். போலியைச் செய்த ராணுவ உளவுத்துறை அதிகாரி ஆன்ரி ஒப்புக்கொண்டு, மறுநாள் காவலில் கழுத்தை அறுத்துக்கொண்டார். துப்பறியும் கதை என்றால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் 1899இல் ரென் நகர ராணுவ நீதிமன்றம் டிரைஃபஸை மறுபடியும் குற்றவாளி என்றது. அந்தப் பக்கத்துக்கு மேல் அன்றைக்குப் படிக்க முடியவில்லை. இன்னும் மனசு ஆறவில்லை.

தந்திக்கம்பம்:
போலிக் கடிதத்தைக் கண்டுபிடிப்பது சுலபம் ஐயா. எம்ஸ் தந்தியைப் பாருங்கள். எம்ஸ் ஊரில் பிரெஞ்சுத் தூதர் வைத்த கோரிக்கையைப் பிரஷ்ய மன்னர் மறுத்த செய்தி அது. 1870 ஜூலை 13. அதை வெளியிட்ட பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் ஒரு பொய்கூடச் சேர்க்கவில்லை, வெட்டினார், அவ்வளவுதான். மன்னர் மரியாதையாக மறுத்தது, வெட்டியபின் பிரெஞ்சுத் தூதரை வாசலோடு விரட்டியதுபோல ஆகிவிட்டது. 19ஆம் தேதி பிரான்ஸ் போர் அறிவித்தது. இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்குக் கை சில்லிட்டது.

பழையபேப்பர்:
தந்திக்கம்பம் சொல்வதில் பாதிதான் சரி. தந்தி இல்லாவிட்டாலும் பாரிஸில் போர் வேண்டும் என்றவர்கள் இருந்தார்கள். ஒரே குற்றவாளியைத் தேடுவது நமக்குக் கதைகள் பழக்கிவிட்ட பழக்கம்.

என்னை உலுக்கியது 1914 ஜூலை 25. ஆஸ்திரிய இளவரசர் கொலைக்குப் பின் ஆஸ்திரியா 23ஆம் தேதி விடுத்த இறுதி எச்சரிக்கைக்குச் செர்பியாவின் பதில் மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு பெல்கிரேடில் ஆஸ்திரியத் தூதர் கைக்கு வருகிறது. அரை மணி நேரத்தில் அவர் ரயிலேறிவிட்டார். பெட்டி முன்கூட்டியே கட்டியாகிவிட்டது!

அப்புறம், புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒன்று. அமைச்சர்களின் நினைவுக் குறிப்புகளில் தொடங்காதீர்கள், எல்லாம் தன் கையைக் கழுவ எழுதியவை. போர் தொடங்கியதும் அரசுகள் தங்கள் தந்திகளைத் தொகுத்து வெளியிட்ட வெள்ளை, நீல, மஞ்சள் புத்தகங்களையும் அப்படியே நம்பாதீர்கள். பிரான்ஸின் மஞ்சள் புத்தகத்தில் திருத்திய தந்தியே இருக்கிறது. ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: அனுப்பிய நேரம், கிடைத்த நேரம், அதற்குள் நடந்தது. ஜூலை 28ஆம் தேதி காலை செர்பியப் பதிலைப் படித்த ஜெர்மன் பேரரசர் கைசர், போருக்கு இனிக் காரணமே இல்லை என்று எழுதுகிறார். அதே நாள் ஆஸ்திரியா போர் அறிவிக்கிறது. நேரம் போட்டு எழுதாமல் இது பிடிபடாது. முதலில் 23 முதல் 28 வரை மட்டும் எழுதுங்கள், மற்றதெல்லாம் பிறகு.