நியூ ஆர்லியன்ஸ்: பெற்றோரோடு நடக்க லெவியும் பூங்காக்களும் (எந்த வழி, எந்த மாதம்?)

தெற்குவீதி:
வணக்கம். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை நியூ ஆர்லியன்ஸுக்கு 4 நாள் கூட்டிப்போகத் திட்டம். அப்பாவுக்கு 71 வயது, முட்டி வலி உண்டு. சமதளத்தில் நன்றாக நடப்பார், படி ஏறி இறங்குவதுதான் சிரமம். அம்மாவுக்கு நடை பிடிக்கும். ஸ்ட்ரோலரில் 3 வயதுக் குழந்தை. தங்குவது கனால் ஸ்ட்ரீட் பக்கம், கார் கிடையாது. ஒரு நாளைக்கு 2 முதல் 3 மைல் போதும்.

மிசிசிப்பியின் லெவிமேல் (வெள்ளத்தைத் தடுக்கும் உயரமான மண்கரை) நடக்கலாம் என்கிறார்கள். எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, கழிவறை, நிழல் எப்படி? மார்ச் கடைசியா, அக்டோபரா என்பதும் இன்னும் முடிவாகவில்லை.

---

கரைநடை:
அந்த ஊரில் ஏற்றம் என்று ஒன்றும் இல்லை. சிரமம் தருவது மூன்று: வெயில், உடைந்த நடைபாதை, ரயில் தண்டவாளம். இவற்றை வைத்துத்தான் வழியை அமைக்க வேண்டும்.

உங்களுக்கு ஏற்றது ரிவர்பெண்டில் தொடங்கி ஆடுபன் பூங்காவில் முடியும் நடை. செயின்ட் சார்ல்ஸ் அவென்யூ முடிந்து கரோல்டன் அவென்யூ தொடங்கும் திருப்பம்தான் ரிவர்பெண்ட். செயின்ட் சார்ல்ஸ் டிராமில் வந்து அங்கே இறங்கி, லீக் அவென்யூவையும் தண்டவாளத்தையும் கடந்தால் எதிரே லெவி. அதன் உச்சியில் தார் போட்ட பாதை போகிறது. ஆற்றை வலப்பக்கம் வைத்துக்கொண்டு ஒன்றரை மைல் போல நடந்தால், ஆடுபன் பூங்காவின் ஆற்றோரப் பகுதி வரும். உள்ளூரில் அதற்கு 'தி ஃப்ளை' என்று பெயர். புல்வெளி, பெஞ்ச், கழிவறை எல்லாம் அங்கே உண்டு. அங்கிருந்து மிருகக்காட்சி சாலையை ஒட்டி வந்து மெகசீன் ஸ்ட்ரீட்டைக் கடந்தால் பூங்காவின் முக்கியப் பகுதி. அதைச் சுற்றி 1.8 மைல் வட்டப்பாதை இருக்கிறது, கார் வராது. பாதி வட்டம் நடந்தால் செயின்ட் சார்ல்ஸ் வாசல். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3 மைல்.

இதைத் திருப்பி நடக்காதீர்கள். லெவியின் மேல் ஒரு மரம்கூடக் கிடையாது, ஆடுபனில் ஓக் மரங்கள் பாதையையே மூடி நிற்கும். காலை 7 மணிக்கு லெவியில் தொடங்கினால் வெயில் ஏறும்போது நிழலுக்குள் வந்துவிடலாம். எதிர்த்திசையில் போனால் 10 மணி வெயிலை லெவியின் மேல்தான் வாங்க வேண்டியிருக்கும். வழியில் குடிநீர்க் குழாயை நம்ப வேண்டாம். ஆளுக்கு ஒரு லிட்டர் கையில் இருக்கட்டும்.

அப்பாவின் முட்டிக்கு இரண்டு விஷயம். ஒன்று, லெவியில் ஏற இறங்கச் சாய்தளத்தையே பயன்படுத்துங்கள். குறுக்கு வழி என்று புல்சரிவில் இறங்கினால் காலைப் பனியில் வழுக்கும். முட்டிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் வலி. புல்லில் நெருப்பெறும்புப் புற்றும் ஏராளம். மண் குவியல் மாதிரித்தான் தெரியும், காலை வைத்தால் ஒரே நேரத்தில் பத்து இடத்தில் கடிக்கும். இரண்டாவது, செயின்ட் சார்ல்ஸ் டிராம். பச்சை நிறப் பழைய பெட்டிகள், 1920-களில் செய்தவை. படிகள் உயரம், ஏசி இல்லை, சக்கர நாற்காலி ஏறாது, ஸ்ட்ரோலரை மடித்துத்தான் ஏற்ற வேண்டும். கைப்பிடி உறுதியாக இருப்பதால் மெதுவாக ஏறிவிடலாம். முடியாது என்றால் ரிவர்பெண்டுக்கு டாக்சி, திரும்பி வர மெகசீன் ஸ்ட்ரீட்டில் 11-ஆம் எண் பஸ். பஸ்ஸில் சாய்பலகை உண்டு. டிராமோ பஸ்ஸோ, ஒரு முறைக்கு 1.25 டாலர், ஒரு நாள் பாஸ் 3 டாலர், 'லெ பாஸ்' செயலியில் எடுத்தால் சில்லறைத் தொல்லை இல்லை.

லெவிப் பாதை சைக்கிள்காரர்களுக்கும் பொது. சனி ஞாயிறு காலையில் கூட்டமாக வேகமாக வருவார்கள். "ஆன் யுவர் லெஃப்ட்" என்று பின்னாலிருந்து குரல் கேட்டால், அவர்கள் நம் இடப்பக்கமாக முந்துகிறார்கள் என்று பொருள். 'லெஃப்ட்' என்ற சொல் காதில் விழுந்ததும் இடப்பக்கம் ஒதுங்குவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு, மோதல் நடப்பதும் அதனால்தான். வலது ஓரத்திலேயே வரிசையாக நடக்கும்படி முன்கூட்டியே அப்பா அம்மாவிடம் சொல்லி வையுங்கள். ஊரில் இடப்பக்கம் நடந்து பழகியவர்களுக்கு இது தானாக வராது.

---

படுகை_மண்:
மாதத்தைப் பற்றி நான் சொல்கிறேன். மார்ச் கடைசியில் வானிலை அருமை, ஆறு நிறைந்திருக்கும். வடக்கே பனி உருகும் நீரும் வசந்த மழையும் இறங்கி வரும் காலம் அது. ஆற்றுக்கும் லெவிக்கும் நடுவில் உள்ள படுகை அப்போது பெரும்பாலும் நீருக்குள் போய்விடும். பாதை லெவியின் உச்சியில் இருப்பதால் நடப்பதற்கு அது தடையில்லை. ஒருபுறம் தெருவும் வீட்டுக் கூரைகளும், மறுபுறம் அவற்றைவிட உயரத்தில் மிதந்து போகும் கடல் கப்பல் என்று பார்க்க வேண்டுமானால் இந்தப் பருவம்தான். காவிரிக் கரையில் வளர்ந்தவர்களுக்குக்கூட அது புதுக் காட்சி.

அக்டோபரில் நீர் தாழ்ந்து படுகை வெளியே தெரியும், மழையும் குறைவு. ஆனால் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகவே விமான டிக்கெட்டைத் தேதி மாற்ற முடிகிற வகையில் எடுங்கள். இரண்டில் ஒன்று என்றால் அக்டோபர் பின்பாதியையே சொல்வேன்: குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் வெயில் தாங்கும். ஜூலை, ஆகஸ்ட் பக்கமே போக வேண்டாம். சராசரி அதிகபட்ச வெப்பம் 33 டிகிரி என்று பார்த்து நம் ஊர் மாதிரிதானே என்று நினைக்கக்கூடாது. ஈரப்பதம் ஆளை உருக்கிவிடும், பிற்பகலில் இடிமழை. லெவியின் மேல் நிற்பவர்தான் சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள். இடிச் சத்தம் கேட்ட உடனே இறங்கி ஒரு கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடி கூடாது.

கிளம்பும் முன் கரோல்டன் அளவுமானியின் நீர்மட்டத்தை இணையத்தில் பாருங்கள். அங்கே வெள்ள நிலை 17 அடி. 11 அடியைத் தாண்டினாலே ராணுவப் பொறியாளர் படை லெவிகளைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கிவிடும். அந்த நாட்களில் சோதனை வண்டிகள் பாதையில் வரலாம்; ஒதுங்கி வழிவிடுங்கள்.

நீர் தாழ்ந்திருந்தாலும் குழந்தையை நீரோரப் பாறைகளுக்குக் கொண்டுபோகாதீர்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். பெரிய கப்பல் கடக்கும்போது முதலில் கரையோர நீர் உள்வாங்கும், பிறகு அலையாகத் திரும்பி அடிக்கும். பாறையில் பாசி. மேலே அமைதியாகத் தெரியும் ஆற்றின் அடியில் இழுப்பு பலமானது; எதிர்க்கரையில் உள்ள அல்ஜியர்ஸ் முனையருகே ஆழம் 200 அடி வரை போகிறது. கால் நனைக்கும் ஆறு இல்லை இது.

லெவிப் பாதை மேல்நோக்கி வெகுதூரம் போகிறது. கார் இருந்தால், வெள்ளக் காலத்தில் ஆற்றுநீரைத் திருப்பிவிடும் போனே காரே வடிகால்வரை போய்ப் பார்க்கலாம். 1927 வெள்ளத்துக்குப் பிறகு கட்டியது, 1931-இல் முடிந்தது. 350 கண்கள், கண்ணுக்கு 20 மரத்தண்டுகள், அந்த 7,000 தண்டுகளையும் கிரேன் வைத்து ஒவ்வொன்றாகத் தூக்கித்தான் திறக்கிறார்கள். 2019-இல் ஒரே ஆண்டில் இரண்டு முறை திறந்தார்கள். உங்கள் அப்பாவுக்கு மதகு, கலிங்கு என்றால் ஆர்வம் இருக்குமானால் ஒரு நாள் வாடகைக் கார் எடுக்கலாம்.

---

ஓக்நிழல்:
சிட்டி பார்க்கை யாரும் சொல்லவில்லையே! ஸ்ட்ரோலருக்கு அதுதான் முதலிடம். 1,300 ஏக்கர். கனால் ஸ்ட்ரீட்டிலிருந்தே சிவப்பு டிராம். ஏசி உண்டு, சக்கர நாற்காலியும் ஏறும். ஒரே ஒரு கவனம்: பெயர்ப்பலகையில் 'சிட்டி பார்க் / மியூசியம்' என்று இருக்க வேண்டும், எண் 48. 'செமெட்ரீஸ்' என்று போட்டது 47. அதே தண்டவாளத்தில் வந்து கரோல்டன் அவென்யூவில் பிரிந்துவிடும்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் கலை அருங்காட்சியகத்துக்குப் போகும் சாலை. அதையொட்டி பிக் லேக். சுற்றிவர ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், முழுக்கச் சமதளம். பிறகு அருங்காட்சியகத்தை ஒட்டிய பெஸ்தாஃப் சிற்பத்தோட்டம்: இலவசம், ஸ்ட்ரோலர் தாராளமாக ஓடும், மாலை 5 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அம்மாவுக்கு இன்னும் நடக்க வேண்டுமென்றால் கூட்டூரி காடு. அது மண் பாதை. மழை பெய்து இரண்டு நாள் ஆகாமல் போகாதீர்கள், சேறு ஒட்டும். அதற்குள் லாபோர்ட் மலை என்று ஒன்று, கடல்மட்டத்திலிருந்து 43 அடி. அந்த நகரத்தில் அதைவிட உயரமான நிலம் கிடையாது. குளங்களில் அலிகேட்டர் இருப்பதுண்டு. குழந்தை வாத்துக்குத் தீனி போட நீரோரம் குனிய விடாதீர்கள்.

பிரெஞ்சு குவார்ட்டர் பக்கம் கிரசென்ட் பார்க்கும் இருக்கிறது, ஆற்றோரம் 1.4 மைல். பயெட்டி ஸ்ட்ரீட் வாசலில் வளைந்த இரும்புப் பாலம், படி செங்குத்து, அப்பாவுக்கு ஒத்துவராது. மேண்டவில் பக்கம் லிஃப்ட் உண்டு, அது சில நாள் வேலை செய்யாது. டாக்சியில் பார்த்தலோமியூ ஸ்ட்ரீட் வாசலுக்குப் போனால் படியே இல்லாமல் உள்ளே போகலாம். லஃபாயெட்... மன்னிக்கவும், லஃபீட் கிரீன்வே பற்றியும் கேள்விப்படுவீர்கள்: 2.6 மைல், நல்ல பாதை, ஆனால் நிழல் போதாது, சாலைக் குறுக்கீடுகள் அதிகம். உங்கள் குடும்பத்துக்குத் தேவையில்லை.

நடைபாதை பற்றி கரைநடை சொன்னது உண்மை. ஓக் வேர்கள் சிமென்ட் பலகைகளை அரையடி வரை தூக்கி வைத்திருக்கும். பூங்காவுக்குள் விழுபவர்களைவிட நிறுத்தத்திலிருந்து பூங்காவுக்குப் போகும் தெருவில் விழுபவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்பது என் கணிப்பு. செருப்பு வேண்டாம், குதிகால் பிடிக்கும் ஷூ போடச் சொல்லுங்கள்.

---

தெற்குவீதி:
மூவருக்கும் நன்றி. அக்டோபர் பின்பாதி என்று முடிவு செய்துவிட்டோம். முதல் நாள் சிட்டி பார்க், மறுநாள் ரிவர்பெண்ட். ஒரு சந்தேகம்: தண்டவாளத்தில் சரக்கு ரயில் நின்றுவிட்டால்?

---

கரைநடை:
நிற்கும், சில சமயம் வெகுநேரம். பெட்டிகளுக்கு நடுவே புகவோ இணைப்பின் மேல் ஏறவோ கூடாது; சத்தமே இல்லாமல் திடீரென்று நகரும். ஏறும்போது மாட்டினால் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டு காத்திருங்கள். லெவியிலிருந்து இறங்கும்போது மாட்டினால் ஃப்ளையின் பெஞ்சில் உட்காருங்கள். கழிவறையும் அங்கேயே இருப்பதால் அவசரமில்லை. வழி திறந்ததும் ஸ்ட்ரோலரைத் தண்டவாளத்துக்கு நேர்குறுக்காகத் தள்ளுங்கள். சாய்வாகத் தள்ளினால் முன்சக்கரம் இடுக்கில் சிக்கும்.