மறுமொழி: ‘ஆயிரமாண்டு மறுப்புவாதம்’ வேண்டாம், ‘நிகழாட்சிக் கொள்கை’ எனலாமா?

வணக்கம் நண்பர்களே,

கிறிஸ்துவின் இரண்டாம் வருகையையும் அவருடைய ஆயிரம் ஆண்டு அரசாட்சியையும் பற்றிய கிறிஸ்தவக் கொள்கைகளுக்கு நம் சொல்லடைவில் என்ன பெயர் இடுவது என்ற சென்ற மடல்களுக்கு என் மறுமொழி இது.

> முன் ஆயிரமாண்டுவாதம், பின் ஆயிரமாண்டுவாதம், ஆயிரமாண்டு மறுப்புவாதம். மூன்றையும் சொல்லடைவில் சேர்த்துவிடலாமா?

மூன்றாவதான ‘ஆயிரமாண்டு மறுப்புவாத’த்தைச் சேர்க்கவே கூடாது. அந்தக் கொள்கையுடையவர்கள் ஆயிரம் ஆண்டுகளை மறுப்பவர்கள் அல்லர். வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தில் சாத்தான் கட்டப்படுவதையும், பரிசுத்தவான்கள் கிறிஸ்துவோடு ஆயிரம் வருஷம் அரசாளுவதையும் அவர்களும் ஏற்கிறார்கள். அந்த ஆட்சி எப்போது என்பதுதான் வழக்கு. பழங்காலத் திருச்சபையின் இறையியலாளர் அகஸ்தீன் ‘கடவுளின் நகரம்’ நூலின் 20ஆம் பகுதியில், கிறிஸ்துவின் முதல் வருகையோடு அது தொடங்கிவிட்டது, திருச்சபையின் காலமே அந்த ஆயிரம் ஆண்டு என்று விளக்கினார். கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் பெரும்பாலும் அவர் வழி வந்தவர்கள். ‘மறுப்பு’ என்று எழுதினால், எதிர்த்தரப்பு அவர்கள்மேல் சுமத்தும் குற்றமே தலைச்சொல் ஆகிவிடும். ஒரு கொள்கைக்கு நாம் இடும் பெயரைப் பார்த்து, அதை உடையவர் ‘ஆம், இது எங்களுடையதுதான்’ என்று சொல்ல வேண்டும்.

எனவே ‘நிகழாட்சிக் கொள்கை’. நிகழாட்சி வினைத்தொகை, நிகழ்ந்த, நிகழ்கின்ற, நிகழும் ஆட்சி என்று முக்காலத்துக்கும் விரியும். முதல் வருகையில் தொடங்கி, இன்றும் நடந்து, இரண்டாம் வருகைவரை தொடர்வது என்று அகஸ்தீன் சொன்ன ஆட்சியும் அதுதானே. இவ்வளவு பொருத்தமாக ஒரு சொல் அமைவது அரிது.

முதல் இரண்டிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ‘முன் ஆயிரமாண்டு’ என்றால் முந்தைய ஆயிரம் ஆண்டு என்றுதான் தமிழ்க் காது கேட்கும். முன்போ பின்போ வருவது கிறிஸ்து, ஆண்டுகள் அல்ல. சென்ற மடலில் ஒருவர் தந்த ‘முன்வருகை’யும் ஆகாது, தாமாக முன்வருவதைக் குறித்துவிடும். ‘ஆட்சிமுன் வருகைக் கொள்கை’, ‘ஆட்சிப்பின் வருகைக் கொள்கை’ எனலாம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை. முதலாவது, 2ஆம் நூற்றாண்டின் திருச்சபை ஆசிரியர்கள் ஜஸ்டினும் இரேனியுவும் எதிர்பார்த்தது: கிறிஸ்து வந்த பிறகே ஆயிரவருட அரசாட்சி. இரண்டாவது, நற்செய்தி உலகெங்கும் வென்று நல்லாட்சி மலர்ந்த பிறகே அவர் வருவார் என்பது. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் இந்த நம்பிக்கையோடு பிரசங்கித்தார். முதல் உலகப் போருக்குப் பின் அது மிகவும் தளர்ந்தது.

> ‘இரகசிய வருகை’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

வழக்கில் இருப்பது உண்மை. பெந்தெகொஸ்தே மேடைகளில் அன்றாடச் சொல். ஆனால் அது ஒரு தரப்பின் கோட்பாட்டையும் சேர்த்தே சொல்கிறது. மகா உபத்திரவம் எனும் கடைசிக்காலப் பெருந்துன்பத்துக்கு முன் சபை தனியே வானத்துக்கு எடுக்கப்படும் என்பது 19ஆம் நூற்றாண்டில் பிரதரன் சபைப் போதகர் ஜான் நெல்சன் டார்பியின் போதனையால் பரவியது. 1909இல் வெளிவந்த ஸ்கோபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள் அதை இன்னும் பல வீடுகளுக்குக் கொண்டுபோயின. ஆட்சிமுன் வருகையை ஏற்ற இறையியலாளர் ஜார்ஜ் எல்டன் லாட் இதை ஏற்கவில்லை. உபத்திரவத்துக்குப் பின் ஒரே வருகை, அதுவும் எல்லோரும் காணும் வருகை என்றார். அவர் கருத்தை ‘இரகசிய வருகை’ என்ற தலைப்பின்கீழ் எப்படி எழுதுவது? 1 தெசலோனிக்கேயர் 4:17இல் ‘ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டு’ என்று இருக்கிறது. ‘எடுத்துக்கொள்ளப்படுதல்’ தலைச்சொல்லாகட்டும், ‘இரகசிய வருகை’ அதன்கீழ் ஒரு தரப்பின் விளக்கமாக நிற்கட்டும்.

தீர்க்கதரிசனத்தை வாசிக்கும் முறைகளுக்கு நண்பர் தந்த ‘கடந்தகால நிறைவேற்றம்’, ‘எதிர்கால நிறைவேற்றம்’ இரண்டும் சரி. தீர்க்கதரிசனம் வரலாறு நெடுகப் படிப்படியாக நிறைவேறுகிறது என்னும் ‘வரலாற்றுவாதம்’ மட்டும் மெய்யியலில் வேறொன்றைக் குறிப்பதால் ‘தொடர்நிறைவேற்றம்’ என்று மாற்றலாம். தானியேல் 8:14இன் 2300 இராப்பகலை ஆண்டுகளாக எண்ணி, 1844 அக்டோபர் 22 அன்று வில்லியம் மில்லரின் கூட்டத்தார் வருகைக்காகக் காத்திருந்தது இந்த வாசிப்பில்தான்.

டார்பியும் ஸ்கோபீல்டும் வரலாற்றைப் பிரித்த ‘டிஸ்பென்சேஷன்’, அதாவது கடவுள் மனிதரை ஒவ்வொரு விதமாக நடத்தும் காலப்பகுதி, இன்னும் பாக்கி. ‘யுகம்’ சுழன்று வரும் காலத்தை நினைவூட்டும்; ‘காலகட்டம்’ மிகப் பொது. ‘நியமக்காலம்’ என்று யோசித்திருக்கிறேன். இறையியல் கற்பிப்பவர்கள் இந்தக் குழுமத்தில் இருக்கிறீர்கள், வகுப்பில் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.