17ஆம் திகதி வரை என்றால் 17ஆம் திகதி வரைதான்

கொழும்பில் ஒரு புடவைக்கடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். புறக்கோட்டையில் பெரிய கடை, வெள்ளவத்தையில் ஒன்று, வெளியூரில் இரண்டு. 2024 நடுப்பகுதி வரை எல்லா ரிப்போர்ட்டும் எக்செலில்தான். அப்புறம் தரவைப் படமாகக் காட்டும் பவர் பிஐ மென்பொருளுக்கு மாறச் சொன்னார்கள். பிரிவில் நான்தான் வயதில் இளையவள், ஆகவே அந்த வேலை என் தலையில் விழுந்தது.

எங்கள் கணக்காண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. வருமான வரியின் மதிப்பீட்டாண்டும் அதுதான். ஆனால் மென்பொருளுக்கு அது எப்படித் தெரியும்? ஆண்டுத் தொடக்கத்திலிருந்து இன்று வரை கூட்டித்தரும் 'டோட்டல் வைடிடி' ஃபங்ஷனுக்கு ஆண்டு எப்போது முடிகிறது என்று சொல்லாவிட்டால், டிசம்பர் 31 என்று எடுத்துக்கொண்டு ஜனவரியிலிருந்து கூட்டத் தொடங்கிவிடும். எக்செல் தொகையோடு ஒத்துப் பார்த்ததால் இதை அன்றே பிடித்துவிட்டேன். ஃபோர்முலாவின் கடைசியில் '3-31' என்று சேர்த்ததும் சரியாகிவிட்டது. கொஞ்சம் கர்வமும் வந்தது, ஒளிக்கவில்லை.

நவம்பர் 18, திங்கட்கிழமை, கூட்டம். முதலாளி ஐயா எழுபதைத் தாண்டியவர், இன்றும் காலையில் கல்லாப் பக்கம் வந்து நிற்பவர். திரையில் என் படம்: ஏப்ரலிலிருந்து இன்று வரையான விற்பனை, போன வருடத்தைவிட இரண்டரை வீதம் குறைவு. நவம்பர் மாதத்துக்கான பெட்டியில் ஏறக்குறைய பாதிதான் இருந்தது. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்:

"பிள்ளை, வியாபாரம் நல்லாத்தானே போகுது. உன்ர படம் மட்டும் ஏன் விழுந்து கிடக்குது?"

எனக்குப் பதில் வரவில்லை. தரவு முழுமையாக ஏறவில்லைப் போல என்று ஏதோ சமாளித்தேன். அது பொய். தரவு 17ஆம் திகதி வரை ஒழுங்காக ஏறியிருந்தது.

அன்று பின்னேரம் எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து நாட்களை எண்ணிப் பார்த்தேன். இந்த வருடப் பக்கத்தில் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 17 வரை 231 நாட்கள். போன வருடப் பக்கத்தில் நவம்பர் 30 வரை, 244 நாட்கள். பதின்மூன்று நாள் வியாபாரத்தைச் சும்மா தூக்கி எதிர்ப்பக்கத்தில் வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் 17 வரை என்று நிறுத்திப் பார்த்தால் மூன்று வீத வளர்ச்சி! ஃபோர்முலா சிவப்புக் கோடு போட்டிருந்தால் அன்றே பார்த்திருப்பேன். அது அழகாக, கமா எல்லாம் வைத்து ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டு இருந்தது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள், ஆறுதலாக இருக்கும்.

கோட்டையில் வேலை செய்பவர்:

ஆறுதலுக்கு என் கதை. கப்பல் சரக்கு அனுப்பும் கம்பனி, பட்டியல் டொலரில், கணக்கு ரூபாயில். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள் அல்லவா? இருநூறு சொச்சத்தில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. அந்த வருட 'வைடிடி' ஒப்பீட்டில் எங்கள் வருமானம் விண்ணைப் பிளந்துகொண்டு போனது. வெளியே பெற்றோல் வரிசை, உள்ளே எங்களுக்கு சாதனை வருடம்! சேர் அதை அப்படியே மேலிடத்துக்கு அனுப்பியும் விட்டார். டொலரில் தனியாக ஒரு நிரல் போட்டுப் பார்த்தபோதுதான் அனுப்பிய சரக்கு குறைந்திருந்தது விளங்கியது. அன்றிலிருந்து ரூபாய், டொலர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் எந்த ஒப்பீட்டையும் அனுப்புவதில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

எங்களுக்கு வற் வரி. 2024 ஜனவரி 1இல் 15 வீதம் 18 ஆனது. நான் எடுத்த விற்பனைத் தொகை பில்லின் அடியில் வரும் முழுத்தொகை, வரியோடு சேர்த்து. ஒரு சாமான்கூடக் கூடுதலாக விற்காவிட்டாலும் போன வருடத்தைவிட 2.6 வீதம் கூடிக் காட்டும், 115 ரூபாய் 118 ஆகிறதே. எங்கள் கணக்காண்டு ஜனவரியில் தொடங்குவதால் முதல் நாளிலிருந்தே பிழை, வருடம் முழுக்க ஒரே அளவில் பிழை. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஊக்கத்தொகை கொடுத்த பிறகு ஆடிட்டர் கண்டுபிடித்தார். திருப்பிக் கேட்கவா முடியும்?

இன்னொருவர்:

சின்னதாக ஒன்று. போன வருடம் 20 லட்சம் நட்டம், இந்த வருடம் 5 லட்சம் நட்டம். இந்த வருடத்தில் போன வருடத்தைக் கழித்து, போன வருடத்தால் வகுத்தால் மைனஸ் 75 வீதம் வரும். நிலைமை தேறியிருக்கிறது, படமோ சிவப்பு அம்புக்குறியைக் கீழே காட்டுகிறது. வகுக்கும் எண்ணில் மைனஸை எடுத்துவிட்டு வகுக்க வேண்டும். கிளை மேனேஜர் ஒருவர் இதற்காக என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. அது சரி, முதல் பதிவு போட்டவர் எப்படித் திருத்தினார் என்று சொல்லவே இல்லையே?

முதலில் எழுதியவள்:

சொல்கிறேன். பவர் பிஐயில் திகதிகளை வரிசையாக வைக்கும் நாட்காட்டி அட்டவணையில் நவம்பர் 30 வரை நாட்கள் இருந்தன, இருக்கவும் வேண்டும், இடையில் நாள் விடுபட்டால் இந்த ஃபங்ஷன்கள் குழம்பிவிடும். 18 முதல் 30 வரை இந்த வருடம் விற்பனை இல்லை, ஆகவே கூட்டுத்தொகை மாறாது. ஆனால் போன வருடத்தின் அதே நாட்களை எடுக்கும் 'சேம் பீரியட் லாஸ்ட் இயர்' ஃபங்ஷன் அந்த வெற்று நாட்களையும் பிடித்துக்கொண்டு போன வருடத்துக்குப் போகும், அங்கே விற்பனை இருக்கும். அதனால் நாட்காட்டியில் ஒரு நிரல் சேர்த்தேன்: கடைசி விற்பனைத் திகதிக்குள் வரும் நாள் என்றால் 'ஆம்', இல்லாவிட்டால் 'இல்லை'. 'ஆம்' நாட்களை மட்டும் ஒரு வருடம் பின்னால் தள்ளச் சொன்னதும் கணக்கு ஒத்து வந்தது. படத்தின் தலைப்பிலும் எத்தனையாம் திகதி வரை என்று அதுவே எழுதும்படி செய்தேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், நவம்பர் பெட்டி திருத்திய பிறகும் கீழேதான் கிடந்தது. இந்த முறை ஃபோர்முலாவில் பிழை இல்லை. 2023இல் தீபாவளி நவம்பர் 12, 2024இல் ஒக்டோபர் 31. நவம்பரில் நடந்த வியாபாரம் ஒக்டோபருக்கு ஓடிவிட்டது. அப்படியென்றால் ஒக்டோபர் முடிவில் நான் காட்டி, எல்லோரும் கை தட்டிய அந்த வளர்ச்சியும் பாதி தீபாவளியுடையதுதான். நவம்பர் 17இல் இரண்டு தீபாவளியும் உள்ளே வந்துவிடுவதால் அந்த மூன்று வீதத்தை நம்பலாம்.

2025 ஏப்ரலில் இதைவிட வேடிக்கை. புதுக் கணக்காண்டின் முதல் ரிப்போர்ட்டே சரிவு. நான் பயந்துகொண்டு போனேன். ஐயா படத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

"போன வருசம் நோன்புப் பெருநாள் ஏப்ரலில வந்தது. இந்த முறை மார்ச் 31ஓட முடிஞ்சுது. கடையில நிண்டவனுக்குத் தெரியும், பிள்ளை."

அவர் சொன்ன பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். முடிந்த கணக்காண்டில் நோன்புப் பெருநாள் இரண்டு முறை வந்திருக்கிறது, தொடக்கத்தில் ஒன்று, கடைசி நாளில் ஒன்று. அந்த வருடத்தோடு ஒப்பிட்டால் அடுத்த வருடம் எப்படியும் மெலிந்துதான் தெரியும்.

இப்போது நாட்காட்டியில் 'பெருநாளுக்கு இன்னும் எத்தனை நாள்' என்று இன்னொரு நிரல் போட்டிருக்கிறேன். திகதிக்குத் திகதி ஒப்பிடாமல், இந்த வருடப் பெருநாளுக்கு முந்திய 30 நாளை, போன வருடப் பெருநாளுக்கு முந்திய 30 நாளோடு ஒப்பிட நினைக்கிறேன். இரண்டு பெருநாள் உள்ள வருடத்தில் ஃபோர்முலா இன்னும் உதைக்கிறது. யாராவது எழுதிப் பார்த்திருந்தால் இங்கே போடுங்கள்.