கே.வி.குப்பம் வீடு: குடும்பக் குழு

காலை 6:12
சித்தி: தாத்தா கழிவறையிலிருந்து வந்ததும் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். வெயில் சூடுதான் போல. மோர் கொடுக்கிறேன்.

காட்பாடி அக்கா: சித்தி, மோர் வேண்டாம். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். மலம் என்ன நிறம் என்று கேளுங்கள்.

சித்தி: மூன்று நாளாகக் கருப்பாம். இரும்புச் சத்து மாத்திரையால்தான் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

காட்பாடி அக்கா: அந்த மாத்திரைக்கும் கருக்கும்தான். ஆனால் தார் மாதிரி பிசுபிசுவென்று, நாற்றத்தோடு போகிறதா?

சித்தி: ஆமாம் பாப்பா. தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

காட்பாடி அக்கா: அது ரத்தம். வயிற்றில் கசிந்து, குடல் வழியாக வரும்போது கருத்துவிடும். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். பைக்கில் ஏற்றாதீர்கள். படுக்க வையுங்கள், வாந்தி வந்தால் ஒருக்களித்து.

சித்தப்பா: நைனாவுக்கு வயிற்று வலியே இல்லையே?

காட்பாடி அக்கா: வயதானவர்களுக்குப் பல நேரம் வலிக்காது சித்தப்பா. மாத்திரை டப்பாவைப் படம் எடுத்துப் போடுங்கள்.

6:21
சித்தி: (படம்)

காட்பாடி அக்கா: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டும் இதய ரத்தக் குழாய் அடைக்காமல் இருக்க வைத்த ஸ்டென்ட்டுக்கு. சரி. டைக்ளோஃபெனாக் யார் வாங்கியது?

பெரியத்தை: நான்தான். மூட்டு வலியில் நைனா ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. மெடிக்கலில் கேட்டு ஒரு அட்டை வாங்கினேன். ஐயோ, நானே கெடுத்துவிட்டேனா?

காட்பாடி அக்கா: அழாதீர்கள் அத்தை, பாசத்தில் செய்தது. முதல் இரண்டும் ரத்தத்தை உறைய விடாது. வலி மாத்திரை இரைப்பையின் உள்தோலைக் காக்கும் தன்மையைக் குறைத்துவிடும். மூன்றும் சேர்ந்தால் சின்னப் புண்கூட நிற்காமல் கசியும்.

சித்தப்பா: அப்போ ஆஸ்பிரினையும் தூக்கிப் போட்டுவிடலாமா?

காட்பாடி அக்கா: நாமாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். அதை டாக்டர் சொல்லட்டும். டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள். மெட்டோபிரோலால் என்ற இதய மாத்திரையும் சாப்பிடுகிறார் என்று சொல்லுங்கள். ரத்தம் போனாலும் அது நாடித்துடிப்பை ஏற விடாது, பார்க்க நன்றாக இருப்பதுபோல் தெரியும்.

மாலை 5:40
சித்தப்பா: அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். ஹீமோகுளோபின் 6தான் இருந்தது. இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். எண்டோஸ்கோபியில் சிறுகுடல் தொடக்கத்தில் புண், கிளிப் போட்டு நிறுத்திவிட்டார்கள். ஏதோ கிருமி இருக்கிறதா என்றும் பார்க்கிறார்களாம்.

காட்பாடி அக்கா: அது முக்கியம். கிருமி இருந்தால் மருந்து கொடுத்து ஒழித்தால்தான் புண் திரும்ப வராமல் இருக்கும். நைட் டூட்டி முடிந்ததும் நேராக வருகிறேன்.

பெரியத்தை: பாப்பா, ஒன்று சொல்லவில்லை. அந்த அட்டையில் பாதியை ஆயாவும் சாப்பிட்டாள்.

காட்பாடி அக்கா: ஆயாவிடம் போனைக் கொடுங்கள் அத்தை.