மெக்சிகோ கான்கூன்ல எந்த பஸ்? நாளைக்கு வேலைக்குப் போகணும், ப்ளீஸ்

புதுசு: வந்து நாலு நாள் ஆச்சு. ஹோட்டல் கிச்சன்ல வேலை, நாளைக்கு முதல் நாள். நேத்து வழி பாத்துக்கலாம்னு ஆர்-1 டவுன் பஸ்ல ஏறினேன். கடலையே காணோம், மார்க்கெட் மாதிரி ஒரு இடத்துல இறக்கி விட்டுட்டாங்க. திரும்பி வர டாக்ஸி 300 பெசோ! கையில காசு கம்மி. எதுல ஏறணும்?

மதுரக்காரன்: இங்க டாக்ஸில மீட்டரே கிடையாது தம்பி. ரேட் பேசிட்டுத்தான் கதவத் தொடணும். நான் வந்த புதுசுல மூணு மாசம் இப்படித்தான் அழுதேன். ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு நடந்தே வீட்டுக்கு வந்திருக்கேன், அந்த வெக்கையில.

சமையல்கட்டு: ஊபர் போடுங்க, முடிஞ்சது.

மதுரக்காரன்: நல்லா சொன்னீங்க. 2023 ஜனவரில கோர்ட் ஊபருக்குச் சாதகமா சொன்னதும் டாக்ஸிக்காரங்க ஏர்போர்ட் ரோட்டையே மறிச்சாங்க. டூரிஸ்டுங்க பெட்டியை இழுத்துக்கிட்டு நடந்தாங்க.

கடலோரம்: ஆர்-1, ஆர்-2 ரெண்டுமே சரிதான், திசைதான் தப்பு. கண்ணாடியில 'சோனா ஒட்டெலேரா'ன்னு இருக்கணும், கடலோர ஹோட்டல் ஏரியான்னு அர்த்தம். அங்க போற குக்குல்கான் ரோட்டுல கிலோமீட்டர் பலகை இருக்கும், அதப் பாத்து இறங்குங்க. டாலர் நீட்டாதீங்க, சில்லறை பெசோ வச்சுக்கோங்க.

சமையல்கட்டு: பஸ்ஸ விடுங்க, கறிவேப்பிலைக்கு என்ன பண்றீங்க? புளி எங்க பாத்தாலும் கிடைக்குது, அதையும் மிட்டாயாக்கி மிளகாய்த்தூள் தடவி வச்சிருக்காங்க.

மதுரக்காரன்: அந்த மிட்டாய் நல்லாத்தாங்க இருக்கும்.

வசந்தி அக்கா: புளிய அப்புறம் பேசுங்கப்பா. தம்பி, தங்கியிருக்கிறது எங்க? ஹோட்டல் எந்த இடம்? எத்தனை மணிக்கு நிக்கணும்?

புதுசு: சொல்ல மறந்துட்டேன்கா. தங்கியிருக்கிறது ஏடிஓ பஸ் ஸ்டாண்ட் பக்கம், வெளியூர் பஸ் நிக்குமே, அது. ஹோட்டல் புவெர்த்தோ மொரேலோஸ். காலை 6 மணி.

வசந்தி அக்கா: அது கான்கூனே இல்லையே! தெற்க 35 கிலோமீட்டர். ஆர்-1ல ஏறி உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் கடற்கரையத்தான் சுத்துவீங்க. ஏடிஓ ஸ்டாண்ட் பக்கத்துலயே அதே வழியில ப்ளாயா தெல் கார்மென் ஊருக்குப் போற கொலெக்டீவோ, அதாவது ஷேர் வேன், நிக்கும். ஏறும்போதே டிரைவர்கிட்ட புவெர்த்தோ மொரேலோஸ்னு சொல்லிடுங்க, ஹைவேலதான் இறக்குவாரு. கடல் அங்கேருந்து 2 கிலோமீட்டர் உள்ள. முதல் வேன் எத்தனை மணிக்குன்னு இன்னிக்கே நேர்ல போய்க் கேளுங்க. அதுக்கு முன்னாடி ஹெச்ஆருக்கு ஒரு மெசேஜ். பெரிய ரிசார்ட்டுகள் பலதும் ஸ்டாஃபுக்குத் தனியா பஸ் விடும். கேக்காம யாரும் சொல்ல மாட்டாங்க.

புதுசு: இருக்காம்கா! 4:45க்கு 'எல் க்ரூசேரோ'ல வந்து நிக்குமாம். அது எங்க இருக்கு?

வசந்தி அக்கா: தூலும் அவென்யூவும் லோபெஸ் போர்த்தியோவும் வெட்டிக்கிற இடம். ஸ்டாண்ட்லேருந்து தூலும் அவென்யூல வடக்க நேரா போங்க. நேத்து உங்கள இறக்கிவிட்ட மார்க்கெட் அதுவாத்தான் இருக்கும்.