கலைச்சொல் உதவி: ‘அசால்ட் வெப்பன்’ (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

வேனில் (நேப்பர்வில்) எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய நம் பெரியவர்களுக்காக இல்லினாய் மாநிலச் சட்டங்களை எளிமையாகச் சொல்லும் ஒரு கையேட்டின் தமிழாக்கம் என் தலையில் விழுந்திருக்கிறது. வாடகை, சாலை விதி எல்லாம் முடிந்தது. துப்பாக்கிப் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். 2022 ஜூலை 4 அணிவகுப்பின்போது ஹைலண்ட் பார்க்கில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையடுத்து 2023 ஜனவரி 10 அன்று ஆளுநர் பிரிட்ஸ்கர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சட்டம் ‘அசால்ட் வெப்பன்’ (assault weapon, சொல்லுக்குச் சொல் ‘தாக்கும் ஆயுதம்’) வகைகளை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கிறது. முன்பே வைத்திருந்தவர்கள் 2024 ஜனவரி 1க்குள் மாநிலக் காவல்துறையிடம் உறுதிமொழி பதிந்துவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டது.

இதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். நம் நாளிதழ்கள் ‘தானியங்கித் துப்பாக்கி’ என்று போடுகின்றன, அது தவறு. விசையை அழுத்திப் பிடித்தால் சுட்டுக்கொண்டே இருக்கும் இயந்திரத் துப்பாக்கிக்கு 1934இலும் 1986இலும் வந்த தனி ஒன்றிய அரசுச் சட்டங்கள் இருக்கின்றன. இது வேறு சங்கதி. வெள்ளி மாலை கோப்பை அனுப்பியாக வேண்டும்.

தென்காசிப் புலவர் எழுதியது:

அன்பு மகளே, முதலில் ‘துப்பாக்கி’யிலிருந்து தொடங்குவோம். பலர் இதைத் துருக்கிச் சொல் என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். துப்பு என்றால் வலிமை. வலிமையை ஆக்குவது துப்பாக்கி. ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி’ என்று ஐயன் அன்றே சொல்லிவிட்டார் (அங்கே துப்பு உணவு என்பது எனக்கும் தெரியும், யாரும் பாய வேண்டாம்). ஆகவே துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாம். முன்னொட்டுத்தான் கேள்வி.

‘அசால்ட்’ என்பது ஜெர்மானியர் இரண்டாம் உலகப்போரில் தங்கள் துப்பாக்கிக்குச் சூட்டிய ‘ஸ்டுர்ம்கெவேர்’ என்ற பெயரின் வழி வந்தது. ஸ்டுர்ம் என்றால் புயல், அரணைப் பாய்ந்து பிடித்தலும் அதுவே. நம்மிடம் அரணை முற்றுகையிட்டுக் கொள்வதற்குத் திணையே இருக்கிறதே! ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மண்ணசையால் படையெடுத்தால் வஞ்சி, எயில் கொண்டால் உழிஞை. எனவே ‘உழிஞைத் துப்பாக்கி’. இதைவிடப் பொருத்தமாக எந்த மொழியிலும் சொல் அமையாது.

கடைசிபெஞ்சு எழுதியது:

ஐயா, உழிஞை என்பது முடக்கத்தான் கொடி. ‘முடக்கத்தான் துப்பாக்கிக்குத் தடை’ என்று கையேட்டில் படித்தால் என் அம்மா மூட்டுவலிக்கு இனி எதைச் சாப்பிடுவது என்றுதான் கேட்பார்.

செங்காந்தள் எழுதியது:

புலவர் ஐயா மன்னிக்க. துப்பாக்கி துருக்கியிலிருந்து பாரசீகம், இந்துஸ்தானி வழியாக வந்தது. குறளில் எழுத்துக்கூட்டு ஒத்துப்போவதால் அது தமிழாகிவிடாது. தனித்தமிழில் ‘துமுக்கி’ இருக்கிறதே, அதை ஏன் யாரும் சீண்டுவதில்லை? ‘தாக்குதுமுக்கி’. முடிந்தது.

கடலோடி (டொராண்டோ) எழுதியது:

நாங்கள் துவக்கு எண்டுதான் சொல்லுவம். எழுத்தில் என்றால் சுடுகலன். அதிலே கைத்துப்பாக்கி, நெடுந்துப்பாக்கி எல்லாம் அடங்கும். இது முக்கியம், ஏனெண்டால் வேனில் சொல்லும் சட்டத்தில் ரைஃபிள் மட்டும் இல்லை, சில பிஸ்டல்களும் ஷாட்கன்களும் சேர்த்தி. தோட்டாக்களை அடைத்து வைக்கிற மகசீனுக்கு எங்களிடம் ‘ரவைக்கூடு’ உண்டு (ரவை எண்டால் தோட்டா), பாவியுங்கோ.

உழிஞை பற்றி ஒன்று சொல்ல வேணும். இப்படித் தடை போட்ட முதல் மாநிலம் கலிபோர்னியா, 1989. அந்த வருசம் ஜனவரியில் ஸ்டாக்டன் நகரப் பள்ளி மைதானத்தில் சுடப்பட்டுச் செத்த ஐந்து பிள்ளைகளும் கம்போடியா, வியட்நாமில் இருந்து போருக்குத் தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள். தப்பி வந்த இடத்திலயும் அதே சாமான். நானும் அப்படி வந்தவன்தான். அந்தச் சாமானுக்குத் திணைப்பெயர் வைத்துப் பூச்சூட்ட வேண்டாம் ஐயா.

கடைசிபெஞ்சு எழுதியது:

கடலோடி அண்ணாவின் இரண்டாம் பத்தியை அப்படியே வழிமொழிகிறேன். ஆனால் ரவைக்கூடு இந்தப் பக்கம் எடுபடாது, உப்புமா டப்பா என்று நினைத்துக்கொள்வார்கள்.

மறையாணி (கோவை) எழுதியது:

பொறியாளனாக ஒரு குறுக்கீடு. இந்தத் துப்பாக்கி என்ன செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைப்போம். குண்டு கிளம்பும்போது உண்டாகும் வாயுவோ பின்னுதைப்போ பூட்டைப் பின்தள்ளி, வெற்றுத்தோட்டாவை வெளியே எறிந்து, அடுத்ததை உள்ளே ஏற்றுகிறது. சுடுவதற்கு ஒவ்வொரு முறையும் விசையை இழுக்க வேண்டும். ஏற்றுவது தானாக, சுடுவது நாமாக. ஆகவே ‘அரைத்தானியங்கி’ கூட அரைகுறைதான், ‘தன்னிரப்பி’ சரி. தன் + நிரப்பி.

‘உயர்திறன் துப்பாக்கி’ என்று யாராவது கொண்டுவருவதற்கு முன் அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகையில் அதிகம் பேசப்படும் ஏ.ஆர்.-15 ரைஃபிள் வழக்கமாகச் சுடும் தோட்டா, மான் வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் பலவற்றைவிடச் சிறியது. அப்புறம் ஏ.ஆர். என்பது அசால்ட் ரைஃபிள் அல்ல, முதலில் அதை வடிவமைத்த ஆர்மலைட் நிறுவனத்தின் பெயர்.

செங்காந்தள் எழுதியது:

தன் + இரப்பி என்றும் பிரியும் தம்பி. பிச்சையெடுக்கும் துப்பாக்கி.

வேனில் எழுதியது:

தன்னிரப்பி எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் போதாது. தன்னிரப்பி எல்லாவற்றையும் சட்டம் தடுக்கவில்லையே. ரைஃபிளை எடுத்துக்கொண்டால், பெயர் சொல்லித் தடுத்த மாதிரிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதற்கு மேல், கழற்றி மாட்டும் மகசீன் உள்ள தன்னிரப்பியாக இருந்து கூடவே பிஸ்டல் பிடி, மடக்கும் அடிக்கட்டை (தோளில் ஊன்றும் பகுதி), தீப்பொறி மறைப்பான் போன்றவற்றில் ஒன்று இருந்தாலும் தடை. 1994இல் வந்து 2004இல் காலாவதியான ஒன்றிய அரசின் தடையில் இப்படி இரண்டு கூறுகள் வேண்டும். தயாரிப்பாளர்கள் ஒன்றைக் கழற்றிவிட்டு அதே துப்பாக்கியை விற்றார்கள் என்பதால் பல மாநிலங்கள் ஒன்றே போதும் என்று இறுக்கின. மகசீனுக்கும் தனி வரம்பு: நெடுந்துப்பாக்கிக்கு 10 தோட்டா, கைத்துப்பாக்கிக்கு 15. ஆக, சொல்லைக் கேட்டதும் பொருள் விளங்கிவிட வேண்டும் என்று நாம் தலையை உடைத்துக்கொள்வதில் பயனில்லை. ஆங்கிலத்திலேயே அது விளங்குவதில்லை, சட்டத்தின் வரையறைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. உறுத்தாத ஒரு பெயர்ச்சீட்டு போதும்.

தென்காசிப் புலவர் எழுதியது:

அப்படியானால் இது தோற்றத்தை வைத்துப் போட்ட சட்டம்! ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நின்று பாடியது நினைவுக்கு வருகிறது. பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி இங்கே மினுக்கிக்கொண்டிருப்பவை ஒரு வகை, பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பவை இன்னொரு வகை. பிடியையும் கட்டையையும் பார்த்துத் தடுத்தால் பீலியைத் தடுத்ததாகுமே தவிர வேலைத் தடுத்ததாகாது.

மணல்தேரி (டல்லாஸ்) எழுதியது:

முதன்முறையாகப் புலவர் ஐயாவுடன் உடன்படுகிறேன். நான் இருப்பது தடை இல்லாத மாநிலம். என்னிடம் ஒன்று இருக்கிறது, சுடுதளத்தைத் தாண்டி அதை எங்கும் எடுத்துப்போனதில்லை. ‘தாக்குதல்’ என்று எழுதினாலே தீர்ப்புச் சொல்லியாயிற்று. துப்பாக்கித் தொழிலார் சொல்வது ‘மாடர்ன் ஸ்போர்ட்டிங் ரைஃபிள்’. அதை மொழிபெயர்க்க என்ன தடை?

கடைசிபெஞ்சு எழுதியது:

‘நவீன விளையாட்டுத் துப்பாக்கி’ என்று வரும். தீபாவளிக்குச் சுருள்கேப் போட்டுச் சுடுவோமே, அதன் புதிய மாடல் என்று பேரனுக்கு வாங்கிக் கொடுத்துவிடப் போகிறார்கள்.

கடலோடி எழுதியது:

மணல்தேரி, பெயர் சாய்வு எண்டது உண்மை. இரண்டு பெயரும் சாய்வுதான். ஆனால் சட்டத்தில் எது எழுதியிருக்கோ அதைத்தானே மொழிபெயர்ப்பாளர் போட வேணும்? ஐயாவின் பீலி உவமை அழகு, ஆனால் பிஸ்டல் பிடி பீலி இல்லை. அடுத்தடுத்துச் சுடும்போது குழல் எகிறாமல் இலக்கில் பிடித்து வைக்கத்தான் அது எண்டு தடையை ஆதரிக்கிறவர்கள் வாதாடுகினம்.

வேனில் எழுதியது:

இந்த வழக்காடலை நீதிமன்றங்களே இன்னும் முடிக்கவில்லை, நாம் முடிக்க வேண்டாமே. தகவலுக்காக: 2024 நவம்பரில் தெற்கு இல்லினாயின் ஒன்றிய நீதிபதி ஒருவர் எங்கள் சட்டம் செல்லாது என்றார், மேல்முறையீட்டு மன்றம் அதை நிறுத்திவைத்தது. மேரிலாந்தின் தடையை எதிர்த்த வழக்கை எடுக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் மறுத்துவிட்டது, நீதிபதிகளில் ஒருவரான தாமஸ் அந்த மறுப்பை எதிர்த்து எழுதினார். சரி, சொல்லுக்கு வருவோமா? ‘தாக்குவகைத் துப்பாக்கி’, ‘தாக்குவகைச் சுடுகலன்’, ‘படைப்பாங்குத் துப்பாக்கி’. மூன்றில் ஒன்று சொல்லுங்கள்.

மறையாணி எழுதியது:

தாக்காத வகைத் துப்பாக்கி எங்கே கிடைக்கும்? படைப்பாங்கு.

செங்காந்தள் எழுதியது:

படைப்பாங்கு என்றால் படைப்பிலக்கியத்தின் பாங்கு என்று என் மாணவர்கள் எழுதுவார்கள். தாக்குவகைதான். ஆனால் சிலர் தனிமடலில் ‘தாக்குத் துப்பாக்கி’ என்று எழுதுகிறீர்கள், ஒற்று ஏன்? தாக்கு இங்கே வினையடி, சுடுகாடு, ஊறுகாய் போல வினைத்தொகை. வினைத்தொகையில் வலி மிகாது.

தென்காசிப் புலவர் எழுதியது:

தாக்கு பெயராகவும் வரும் அம்மா. வன்தொடர்க் குற்றியலுகரம், பாட்டுப்போட்டி போல மிகும். இரண்டுக்கும் இடமுண்டு.

(இதற்குப் பிறகு ஒற்றைப் பற்றி வந்த மடல்களைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். மட்டுறுத்துநர்.)

வேனில் எழுதியது:

வெள்ளி மதியம் ஆகிவிட்டது. கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் தாக்குவகை என்றார்கள், சிலர் வேறு எதுவும் தோன்றாததால் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். ‘தாக்குவகைச் சுடுகலன்’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் ‘சட்டம் பட்டியலிட்டுள்ள சில ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன் வகைகள்’ என்று விரித்து அனுப்பிவிட்டேன். மகசீன் தோட்டாக்கூடு ஆயிற்று. முன்பே வைத்திருந்தவர்களுக்குத் தரும் சலுகையை ‘முன்னுடைமை விலக்கு’ என்றேன். ஆங்கிலத்தில் அதை ‘கிராண்ட்ஃபாதர்’ விலக்கு என்கிறார்கள், அதில் ஏன் தாத்தா வருகிறார் என்று யாரும் தொடங்க வேண்டாம்.

மணல்தேரி எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்யவும். தன்னிரப்பி என்றே விட்டிருக்கலாம், யாருக்கும் நோகாது.

தென்காசிப் புலவர் எழுதியது:

சுடுகலன் என்றால் சூளையில் சுட்ட மண்பாண்டம் என்றும் பொருள்படும். அடுத்த பதிப்பிலாவது கவனிக்கவும். தாத்தாவைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, இரவு விரிவாக எழுதுகிறேன்.

கடலோடி எழுதியது:

ரவைக்கூட்டை அடைப்புக்குறிக்குள்ளயாவது போட்டிருக்கலாம் தங்கச்சி.